ரிச்சர்ட்சன் காயப்பட்டபோது வந்து நின்ற மின்ஷூ: 2023 கோல்ட்ஸ் பற்றிக் கொஞ்சம் பேசுவோமா?

#1 நீலலாடம்

போன வாரம் ஒரு நண்பரிடம் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் 2023 இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி பற்றிப் பேச்சு வந்தது. "கடைசி ஆட்டத்தில் நாலாவது டவுனில் பந்தைக் கோட்டைவிட்டார்களே, அந்த வருஷம்தானே?" என்றார். (டவுன் என்பது 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் ஒன்று.) அவர் நினைவில் நிற்பது அவ்வளவுதான். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் இந்த இழை.

அந்த சீசனில் கோல்ட்ஸ் 9 ஆட்டம் ஜெயித்தது, 8 தோற்றது. அதற்கு முந்தைய வருஷம் 4 வெற்றி, 12 தோல்வி, 1 டிரா. ஜெயித்த அந்த 9 ஆட்டத்தையும் வரிசையாக எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றையும் முடித்துக் கொடுத்த குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கார்ட்னர் மின்ஷூதான். ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. 35 லட்சம் டாலருக்கு ஒரே ஒரு வருஷ ஒப்பந்தத்தில் பேக்கப்பாக, அதாவது மாற்று ஆளாக, வந்தவர்.

அணியின் முதல் குவாட்டர்பேக் ஆந்தனி ரிச்சர்ட்சனைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. 2023 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 4ஆவதாக எடுக்கப்பட்ட பையன், 21 வயது, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் முதல் ஆளாக இறங்கி ஆடியதே 13 ஆட்டம்தான். 6 அடி 4 அங்குலம், 244 பவுண்டு, ஓட ஆரம்பித்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அந்த ஓட்டம்தான் அவரைச் சாய்க்கவும் செய்தது. முதல் வாரம் ஜாக்சன்வில்லுடன் ஆட்டம் முடியும் நேரத்தில் முட்டியில் அடி. இரண்டாவது வாரம் ஹூஸ்டனில் முதல் குவார்ட்டருக்குள்ளேயே இரண்டு டச்டவுன் ஓடினார் (களத்தின் கோடியில் உள்ள எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோவதுதான் டச்டவுன்), இரண்டாவதில் உள்ளே நுழையும்போது இடிபட்டு விழுந்து தலை தரையில் மோதியது, கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி. மூன்றாவது வாரம் இல்லை. நாலாவது வாரம் ராம்ஸுடன் 0-23 என்று கிடந்த ஆட்டத்தை 23-23 வரை இழுத்து வந்து கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். அவர் முழுதாக ஆடி முடித்த ஒரே ஆட்டம் அதுதான். ஐந்தாவது வாரம், அக்டோபர் 8, டென்னசி டைட்டன்ஸ். இரண்டாவது குவார்ட்டரில் பந்தோடு ஓடி, மேலே ஒரு ஆள் விழ, வலது தோள் அடியில் மாட்டிக்கொண்டது. பந்து வீசும் தோள். இங்கே அப்போது ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், வீட்டில் எல்லோரும் தூங்கியாகிவிட்டது, நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நடந்த விதத்தைப் பார்த்ததுமே இது ஒரு வாரத்தில் தீருகிற சங்கதி இல்லை என்று தெரிந்துவிட்டது.

மின்ஷூ வந்தார். 14 வீசினார், 11 சேர்ந்தது, 155 யார்டு. பந்தை வாங்கி ஓடும் ஸாக் மாஸ் 165 யார்டு ஓடினார். 23-16 வெற்றி. அதே மாதம் ரிச்சர்ட்சனுக்கு அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மின்ஷூ ஜெயித்துக் கொடுத்தது பெரிய விஷயம், சரி. அதைவிடப் பெரியது, அந்தப் பையன் அரைகுறையாக ஆறிய தோளோடு ஓடி வரவேண்டிய நெருக்கடியே வராமல் பார்த்துக்கொண்டது. அணி 2-10 என்று கிடந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

#2 இப்பதான்வந்தேன்

அண்ணா, நான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு சின்ன சந்தேகம். பேக்கப் குவாட்டர்பேக் என்றால் வாரம் முழுக்க அதே பயிற்சிதானே செய்திருப்பார்? அப்புறம் ஏன் அவர் வந்தால் இவ்வளவு பதற்றம்? கிரிக்கெட்டில் மாற்று ஆள் வந்தால் யாரும் இப்படிப் பேசுவதில்லையே.

#3 நீலலாடம்

தம்பி, நல்ல கேள்வி. அதே பயிற்சி கிடையாது, அதில்தான் சிக்கலே. வாரத்தில் முதல் அணியோடு எடுக்கும் பயிற்சியில் பெரும்பங்கு ஸ்டார்ட்டருக்கு, அதாவது முதல் ஆளாக இறங்குபவருக்குத்தான் போகும், ஏனென்றால் நேரம் அவ்வளவுதான் இருக்கிறது. பேக்கப் பெரும்பாலும் ஸ்கவுட் அணியில் நிற்பார், அதாவது அடுத்து மோதப்போகும் எதிரணியின் குவாட்டர்பேக் மாதிரி நடித்து நம் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பழக்கம் கொடுப்பார். தன் அணி ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகும் ஆட்டத்தை அவர் பெரும்பாலும் கண்ணால் பார்த்து, மனசுக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, திட்டமே ஸ்டார்ட்டரின் உடம்புக்கு வெட்டித் தைத்தது. தலைமைக் கோச் ஷேன் ஸ்டைக்கன் ரிச்சர்ட்சனை வைத்து வரைந்த திட்டத்தில் குவாட்டர்பேக்கே பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்ட உத்திகள் நிறைய. மின்ஷூ 6 அடி 1 அங்குலம், அந்த ஓட்டம் அவரிடம் கிடையாது. அவர் வந்ததும் அதில் பாதி சுருட்டி வைக்கப்பட்டு, பந்தைச் சட்டென்று கையிலிருந்து அனுப்பிவிடும் உத்திகள் வந்தன. ஆர்பிஓ என்பார்கள். ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும், அவர் ஓடுபவரை நோக்கி முன்னே வந்தால் அவர் விட்டுவந்த இடத்தில் பந்தை வீச வேண்டும், பின்னால் தங்கினால் ஓடுபவரிடம் கொடுத்துவிட வேண்டும். இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள். அந்த வருஷம் மைக்கேல் பிட்மேன் 109 பந்து பிடித்தார், 1,152 யார்டு. அதில் பெரும்பகுதி மின்ஷூ கையிலிருந்து போனது.

இதையெல்லாம் முன்னறிவிப்பு இல்லாமல் ஆட்டத்தின் நடுவே மாற்ற வேண்டும். கோச் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் அடுத்த உத்தியின் பெயரைச் சொல்வார், அதைத் தொடங்கக் கொடுக்கும் நேரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோ தானாக அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரே நிற்கிற 11 பேரையும் தனியாகப் படித்தாக வேண்டும். குளிர்ந்த கையோடு உள்ளே வந்தவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#4 நாலாவதுடவுன்

நீலலாடம் சார், உங்கள் பதிவுகளை மதித்துப் படிப்பவன் நான், ஆனால் இதில் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை.

மின்ஷூ முதல் ஆளாக இறங்கியவை 13, அதில் 7 வெற்றி 6 தோல்வி. அக்டோபர் 15 ஜாக்சன்வில் ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா? தன் பழைய அணிக்கு எதிராக 50க்கும் மேல் வீசி 3 இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துவிடுவது) கொடுத்தார், 37-20 தோல்வி. அடுத்த வாரம் கிளீவ்லேண்ட். 300 யார்டுக்கு மேல் வீசினார், தானே 2 டச்டவுன் ஓடினார், எல்லாம் சரி. ஆனால் மைல்ஸ் காரெட் அவர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு அது நம் எண்ட் ஸோனிலேயே அவர்களுக்கு டச்டவுனாகப் போனது. 39-38 தோல்வி, ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு ஆட்டம் கையில் இருந்திருந்தால் ஜனவரியில் பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்று) கணக்கே வேறு.

பிறகு வந்த நாலு தொடர் வெற்றியில் கரோலினா அந்த வருஷம் 2-15, நியூ இங்கிலாண்ட் 4-13. கரோலினா ஆட்டத்தில் கென்னி மூர் இரண்டு இன்டர்செப்ஷனை டச்டவுனாக்கினார், ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த நியூ இங்கிலாண்ட் ஆட்டத்தின் ஸ்கோர் 10-6. இரண்டிலும் ஜெயித்துக் கொடுத்தது தடுப்பாட்டம்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. ரிச்சர்ட்சனுக்குத் தேவையாக இருந்தது ஓய்வு மட்டும் இல்லை, களத்தில் நிற்கும் நேரம். அந்த வருஷம் 4 ஆட்டத்தோடு போனது. 2024இல் திரும்பி வந்தபோது வீசியதில் 47.7 சதவீதம்தான் சேர்ந்தது, நடுவில் இன்னொரு குவாட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோவுக்காக உட்கார வைக்கவும் பட்டார். பேக்கப் 9 வெற்றி கொண்டுவந்ததால் "திட்டம் சரியாகத்தான் போகிறது" என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

#5 தோள்வைத்தியம்

நான் பிசியோதெரபிஸ்ட், தோள் காயங்கள்தான் என் அன்றாட வேலை. அதனால் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ரிச்சர்ட்சனுக்குப் போனது ஏசி மூட்டு. உங்கள் கையைத் தோளின் உச்சியில் வையுங்கள், காறை எலும்பு வெளிப்பக்கமாகப் போய் முடியும் இடத்தில் சின்ன மேடு தட்டுப்படும், அங்கேதான். மூன்றாம் நிலைக் காயம் என்றால் அங்கே எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்கள் அறுந்துவிட்டன என்று பொருள். இதே காயத்தோடு என்னிடம் வருகிற பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை, தொட்டில் கட்டி, பயிற்சி கொடுத்தாலே சரியாகிவிடும். ஆனால் அவர்கள் யாரும் அந்தக் கையால் 60 யார்டு பந்து வீசுகிறவர்கள் இல்லை. வீசும்போது அந்த மூட்டுக்கும் பெரிய வேலை இருக்கிறது. மூட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் உடம்பு தன்னையறியாமல் வேறு வழி தேடும், முழங்கையைத் தாழ்த்தும், இடுப்பைத் திருப்பாமல் விடும். 21 வயதில் அந்தப் பழக்கம் படிந்தால் மாற்றுவது மிகவும் கஷ்டம். அதனால் நாலாவதுடவுன் சொன்ன ஆட்ட நேர இழப்பு உண்மைதான் என்றாலும், காத்திருக்க முடிந்ததே பெரிய கொடுப்பினை என்பேன்.

ஒன்று பல வருஷமாக என் மனசில் ஓடுகிறது, இங்கே சொல்லிவிடுகிறேன். மின்ஷூவின் வாழ்க்கையே காறை எலும்பைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. 2019இல் ஜாக்சன்வில்லில் குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸுக்குக் காறை எலும்பு உடைந்ததால்தான் டிராஃப்டின் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட ரூக்கியான (முதல் வருஷ ஆட்டக்காரர்) இவர் உள்ளே வந்தார். 2022 டிசம்பரில் பிலடெல்பியாவில் ஜேலன் ஹர்ட்ஸுக்கு அதே எலும்பு நெஞ்செலும்போடு சேரும் மூட்டில் காயம், இவர் வந்தார். 2023இல் ரிச்சர்ட்சனுக்கு அதன் வெளி முனை. அப்புறம் 2024 நவம்பரில் ரெய்டர்ஸுக்காக டென்வருக்கு எதிராக ஆடும்போது இவருடைய காறை எலும்பே உடைந்தது. அன்றைக்கு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

#6 ஓஹையோபுலி

அக்கா, அந்தக் கடைசிப் பத்தி மனசைப் பிசைந்துவிட்டது.

எங்கள் சின்சினாட்டிக்கும் இது நடந்தது. 2020 நவம்பர் 22, ரூக்கி குவாட்டர்பேக் ஜோ பர்ரோவின் இடது முழங்கால் போனது. ரயன் ஃபின்லி வந்தார், அப்புறம் பிராண்டன் ஆலன். டிசம்பர் 21 திங்கள் இரவு ஆட்டத்துக்கு ஃபின்லியைத்தான் இறக்கினார்கள், நாங்கள் 2-10-1, எதிரே பிட்ஸ்பர்க் 11-2. அவர் வீசியது மொத்தமாக 100 யார்டுகூட வரவில்லை. ஆனால் 23 யார்டு தானே ஓடி ஒரு டச்டவுன் போட்டார் பாருங்கள், 27-17 வெற்றி. அந்த ஓட்டத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். அந்த சீசனின் மற்ற தோல்விகள் எதுவும் எனக்கு அவ்வளவாக நினைவில்லை.

#7 போடோமாக்கரை

வாஷிங்டனைப் பின்தொடர்கிறவன் என்ற முறையில் நீலலாடம் சொன்னதற்கு மறுபக்கத்திலிருந்து ஒரு சாட்சி.

2012 டிசம்பர் 9, பால்டிமோருடன் ஆட்டம். ரூக்கி குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின் முழங்கால் பின்னுக்கு மடங்கி வெளியே போனார். உள்ளே வந்தவரும் ஒரு ரூக்கிதான், அதே டிராஃப்டில் நாலாவது சுற்றில் எடுத்த கர்க் கசின்ஸ். அரை நிமிடம்கூட மிச்சமில்லாதபோது பியர் கார்சோனுக்கு டச்டவுன் வீசினார், 2 புள்ளிக்கான முயற்சியில் தானே நடுவில் புகுந்து ஓடினார், சமன். கூடுதல் நேரத்தில் 31-28. அடுத்த வாரம் கிளீவ்லேண்டில் முதல் ஆளாக இறங்கி 38-21.

அதாவது கையில் ஆள் இருந்தார், ஜெயிக்கவும் செய்தார். அப்படியும் அதற்கடுத்த வாரமே கிரிஃபின் முழங்காலில் பட்டையோடு திரும்பி வந்தார், 2013 ஜனவரி 6 சியாட்டிலுடன் பிளேஆஃப் ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே ஆடினார், தரையில் விழுந்த ஒரு பந்தை எடுக்கக் குனிந்தபோது முழங்கால் மொத்தமாகப் போனது. யாரும் தொடவேயில்லை. முதல் வருஷத்தில் பார்த்த அந்த ஆட்டக்காரரை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. எனவே நீலலாடம் சார், பேக்கப் நன்றாக ஆடினால் மட்டும் ரூக்கி காப்பாற்றப்பட மாட்டார், அணிக்கும் பொறுமை இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை என்று முடிவெடுத்த அன்றே கோல்ட்ஸ் அந்தப் பொறுமையைக் காட்டியது.

#8 நீலலாடம்

போடோமாக்கரை, ஒத்துக்கொள்கிறேன். நான் முழுப் பெருமையையும் மின்ஷூ தலையில் வைத்தது தப்பு. அவர் அந்த முடிவைத் தாங்கிப் பிடித்தார், முடிவு அவருடையது இல்லை. நாலாவதுடவுன் சொன்ன 47.7க்கும் என்னிடம் பதில் இல்லை. ரிச்சர்ட்சன் இழந்த 13 ஆட்டத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆனால் எதிரணிகள் சோப்ளாங்கி என்பதை ஏற்க மாட்டேன். மூன்றாவது வாரம் பால்டிமோரிலேயே போய் ஜெயித்தது யாரை? அந்த வருஷம் 13-4, அவர்களுடைய குவாட்டர்பேக் லமார் ஜாக்சன்தான் எம்விபி, அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். பிட்ஸ்பர்கை 30-13, அவர்கள் 10-7.

அவருடைய இன்டர்செப்ஷன்களை நான் மறைக்கவில்லை. ஜாக்சன்வில் ஆட்டத்தை நடுவில் அணைத்துவிட்டுப் படுத்தவன் நான். மொத்த சீசனில் 3,305 யார்டு, 15 டச்டவுன், 9 இன்டர்செப்ஷன். மகா ஆட்டக்காரரின் எண்கள் இல்லை. ஆனால் ஒரு தப்பு செய்தபின் அடுத்த பந்தை அவர் வீசும் விதத்தைப் பாருங்கள், கை நடுங்காது.

கல்லூரிக் காலத்தில் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் பேக்கப்பாகப் போகவே தயாராக இருந்தவர் இவர், பின்னால் கோச் ஆகலாம் என்ற எண்ணத்தில். கடைசி நேரத்தில் கோச் மைக் லீச் கூப்பிட்டதால்தான் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் போனார். பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் படிப்பதை ஒரு தொழிலாக மதிக்கத் தெரிந்த ஆள்.

#9 லாடத்தெரு

நான் இண்டியானாபொலிஸ்வாசி, 2024 ஜனவரி 6 அரங்கத்தில் இருந்தேன். இவ்வளவு பேசிவிட்டு அந்த நாலாவது டவுனைத் தொடாமல் விட்டால் எப்படி?

ஹூஸ்டனின் முதல் பந்திலேயே அவர்களுடைய ரூக்கி சி.ஜே. ஸ்ட்ரவுட் நிகோ காலின்ஸுக்கு 75 யார்டு டச்டவுன் வீசினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதுதான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார், நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம் ஜோனதன் டெய்லர் அன்று ஓடியது 188 யார்டு, அவர் தோளில்தான் நாங்கள் ஆட்டத்தில் இருந்தோம். 23-17. ஒரு நிமிடம் சொச்சம் மிச்சம். ஹூஸ்டனின் 15 யார்டு கோட்டில் நாலாவது டவுன், வேண்டியது ஒரே ஒரு யார்டு. டெய்லர் ஓரத்தில் நிற்கிறார், களத்தில் டைலர் குட்சன். நேரே இடித்து ஓடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்க்கும்போது மின்ஷூ பக்கவாட்டில் வீசினார். குட்சன் பக்கத்தில் ஆளே இல்லை. பந்து அவருக்கு ஒரு சாண் பின்னால் போனது, திரும்பிக் கை நீட்டினார், பட்டது, நிற்கவில்லை.

இத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்டால் என்ன சத்தம் வரும் என்று அன்றுதான் கேட்டேன். அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கூட்டம் கலைகிறவரை உட்கார்ந்தே இருந்தார். ஹூஸ்டன் நேரத்தைக் கரைக்க வேண்டுமென்றே 2 புள்ளி விட்டுக்கொடுத்து 23-19 என்று முடித்தது.

அந்த உத்தியைத் தேர்ந்தெடுத்தது தப்பில்லை என்பது என் கருத்து. ஆள் திறந்து நின்றார், அதுதானே வேண்டும். டெய்லரை ஓரத்தில் நிறுத்தியதுதான் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

#10 நாலாவதுடவுன்

லாடத்தெரு, நேரில் இருந்தவர் சொல்லும்போது மறுத்துப் பேச மனசு வரவில்லை. டெய்லர் விஷயத்தில் நூறு சதவீதம் உங்கள் பக்கம். அவர் சும்மா களத்தில் நின்றிருந்தாலே இரண்டு பேர் அவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

பந்து பின்னால் போனதில் பாதி மின்ஷூவுடையது, பாதி குட்சனுடையது. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதற்காக ஒரு சீசனையே தள்ளிவைக்கக் கூடாது என்ற அளவுக்கு நீலலாடம் சாரோடு வருகிறேன்.

#11 இப்பதான்வந்தேன்

எல்லோருக்கும் நன்றி, ஒரே மூச்சில் படித்தேன். முழு சீசனையும் பார்க்க இப்போது நேரம் இல்லை, பரீட்சை வருகிறது. ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதாக இருந்தால் எதைப் பார்க்கட்டும்?

#12 நீலலாடம்

தம்பி, பால்டிமோர் ஆட்டம், 2023 செப்டம்பர் 24. முழுதும் முடியாவிட்டால் நாலாவது குவார்ட்டரின் கடைசி மூன்று நிமிடத்தில் ஆரம்பியுங்கள். அங்கே மின்ஷூ நெருக்கடியில் பின்னால் ஓடி, எண்ட் ஸோனின் பின்கோட்டைத் தன்னையறியாமல் மிதித்துவிடுவார், எதிரணிக்கு 2 புள்ளி, பந்தும் அவர்களுக்கே. நிறுத்திவிடாதீர்கள். பந்து திரும்பக் கைக்கு வரும், நம் உதைப்பாளர் மேட் கே 53 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி) அடித்துச் சமன் செய்வார், கூடுதல் நேரத்தில் இன்னொரு 53, 22-19. ஒரே ஆட்டத்தில் 50 யார்டுக்கு மேல் நாலு ஃபீல்டு கோல் என்பது அதற்கு முன் என்எஃப்எல்லில் நடந்ததே இல்லை. ஆனால் நீங்கள் மேட் கேயைப் பார்க்க வேண்டாம். அந்த 2 புள்ளி போன பிறகு அடுத்த முறை மின்ஷூ ஹடிலுக்குள் (ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடுவது) போய்க் குனிகிற இடத்தைப் பாருங்கள், பரீட்சை முடிந்ததும் வந்து எழுதுங்கள்.